கிளிப் போட்டால் குறட்டையும் பல் கடிப்பதும் நிற்குமா?

தூங்காவிழி எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 34. கீழ்வரிசைப் பற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், மேலே வலது பக்கம் ஒரு தெத்துப்பல். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், அதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. இப்போது வந்திருக்கும் பிரச்சினை வேறு. ராத்திரி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். கூடவே குறட்டை. எனக்கு எதுவும் தெரிவதில்லை, பக்கத்தில் படுக்கும் மனைவிதான் இரண்டையும் கேட்டு அவதிப்படுகிறார். காலையில் தாடை இறுகிப்போய், பிரஷ் நுழைகிற அளவுக்கு வாயைத் திறக்கவே கொஞ்ச நேரம் பிடிக்கிறது. நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கிறது. போன மாதம் ஒரு கடைவாய்ப்பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தது, அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

ஒரு பல் மருத்துவரிடம் போனேன். "மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேரவில்லை, அதனால்தான் கடிக்கிறீர்கள், கிளிப் போட்டுச் சரிசெய்துவிட்டால் கடிப்பதும் நிற்கும், குறட்டையும் குறையும்" என்றார். இன்னொருவர், இடம் போதாது, நான்கு பல்லை எடுத்துவிட்டுத்தான் கிளிப் போட முடியும் என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், பல்லை எடுத்தால் நாக்குக்கு இடமில்லாமல் போய் மூச்சுப்பாதை அடைபடும், குறட்டை அதிகமாகும் என்று எழுதியிருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? கிளிப் போட்டவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு வருட வேலை என்கிறார்கள், தெரியாமல் இறங்க மனமில்லை.

மழைச்சாரல் எழுதியது:

சகோ, நான் 29 வயதில் போட்டேன், இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆனது. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். குறட்டையில் எந்த மாற்றமும் இல்லை. பல் கடிப்பது, கம்பி மாட்டிய முதல் சில வாரம் நின்றுவிட்டது போலத்தான் இருந்தது. பல்லெல்லாம் தொட்டாலே வலிக்கும்போது யாரால் கடிக்க முடியும்? வலி பழகியதும் பழையபடி ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தடவை கம்பியை முறுக்கிவிட்டு வரும்போதும் மூன்று நான்கு நாள் ஓய்வு, அப்புறம் மறுபடி நறநற. கீழ்ப்பல்லில் ஒட்டிய பிராக்கெட் (கம்பியைப் பிடித்திருக்கும் சின்னத் துண்டு) இரண்டு முறை பெயர்ந்து வந்தது, அதுவும் தூக்கத்தில் கடித்துத்தான்.

கிளிப் கழற்றிய பிறகு, பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கக் கொடுத்த பிளாஸ்டிக் ரிட்டெய்னரை எட்டு மாதத்தில் கடித்தே ஓட்டையாக்கிவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடைவாய்ப் பக்கம் ஊசி நுழைகிற அளவு ஓட்டை, சுற்றிலும் கீறல் கீறலாக வெள்ளைக் கோடுகள். பல் வரிசை நன்றாக வந்தது, இடுக்குகளில் பிரஷ் போகிறது, ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது, அந்த வகையில் போட்டதற்கு எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பல் கடிப்பது நிற்கும் என்று நம்பிப் போட்டிருந்தால் மனம் உடைந்திருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

நான் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இரவு முழுவதும் மற்றவர்கள் தூங்குவதைத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. பல் கடிப்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அது எப்படி வருகிறது என்று நான் பார்க்கிற மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

தலையில் மூளை அலையைப் பதிவு செய்யும் கம்பிகள், தாடையில் தசைக்கு, மூக்கடியில் காற்றோட்டத்துக்கு, மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரல் நுனியில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி. ஆள் லேசான தூக்கத்தில் இருப்பார். முதலில் மூளை அலை மாறும், சில வினாடிக்கு ஒரு சின்ன விழிப்பு. கண் திறக்கமாட்டார், காலையில் கேட்டால் நினைவும் இருக்காது. இதயத்துடிப்பு எகிறும். அதற்குப் பின்னால்தான் தாடைத் தசையின் கோடு தடித்து எழும்பும், ஏறக்குறைய வினாடிக்கு ஒன்று என்கிற தாளத்தில் மூன்று, நான்கு, ஐந்து தடவை. பல்லோடு பல் உரசுகிற சத்தம் இந்த வரிசையில் கடைசியாக வருவது. அடிக்கடி நான் பார்க்கிற வரிசை இதுதான்.

அந்தச் சின்ன விழிப்பைத் தூண்டுவது ஆளுக்கு ஆள் வேறு. மன அழுத்தம், படுக்கும் முன் குடித்த காபி, மது, சிகரெட், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள். இன்னும் சிலருக்குத் தொண்டை அடைபட்டுக் காற்று நிற்கும், மூளை பதறி எழுப்பிவிடும். எல்லோருக்கும் இப்படி என்று நினைக்காதீர்கள், மூச்சு சீராகப் போகும்போதே பல் கடிப்பவர்களும் ஏராளம். ஆனால் குறட்டையும் சேர்ந்திருக்கிறது என்றீர்களே, அதனால் கேட்கிறேன். குறட்டை நடுவில் நின்றுபோய், கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறதா? இதை மனைவியிடம்தான் கேட்க வேண்டும். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வருகிறதா? ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா?

தூங்காவிழி எழுதியது:

படித்ததும் மனைவியிடம் கேட்டேன். "ஆமாம், நடுவில் நிற்கும், அப்பாடா நின்றதே என்று நான் கண்ணை மூடுவேன், உடனே தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இழுப்பீர்கள்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அப்படித்தானாம், இதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்று ஆறு மாதம் முன்பு சொன்னார்கள், மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. கழுத்தை அளந்தேன், 42. மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் கண் செருகுகிறது. வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன்.

பல்லுக்காக வந்த எனக்கு இது எங்கே போய் நிற்கும் என்று கலக்கமாக இருக்கிறது.

கம்பிமருத்துவர் எழுதியது:

நான் பல் சீரமைப்பு மருத்துவர், கிளிப் போடுவதுதான் என் தொழில். கலங்காதீர்கள் நண்பரே, ஆனால் கிளிப் பேச்சை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டுத் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பல் கடிப்பது. பல் சேர்வதில் கோணல் இருந்தால் தாடை அதைத் தேய்த்துச் சமன் செய்யப் பார்க்கும், அதனால் கடிக்கிறார்கள் என்று 1960களில் பலமாக நம்பினார்கள், பாடமாகவும் நடத்தினார்கள். பின்னால் 1980களில் சிலருக்கு வேண்டுமென்றே இடிக்கிற மாதிரி உறையைப் பல்லில் மாட்டிவிட்டு இரவில் தசையை அளந்து பார்த்தார்கள். கடிப்பது கூடவில்லை. கோணல் பல்லோடு ஒருநாளும் கடிக்காதவர்கள் இருக்கிறார்கள், அச்சில் வார்த்த மாதிரி வரிசையோடு இரவெல்லாம் அரைப்பவர்களும் இருக்கிறார்கள். இது மூளையிலிருந்து வருகிற தசைச் செயல்பாடு என்பதுதான் இன்றைய பார்வை, 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வரையறையும் அப்படித்தான் சொல்கிறது. பெரியவர்களில் சுமார் 8 சதவீதம் பேர் தூக்கத்தில் கடிக்கிறார்கள். குழந்தைகளில் இன்னும் அதிகம், பெரும்பாலும் வளர வளர விட்டுப்போகும். ஆகவே வரிசையைச் சரிசெய்தால் கடிப்பது நிற்கும் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. கொடுப்பவரிடம் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

சரி, குறட்டை. சத்தம் எங்கிருந்து வருகிறது? அண்ணத்தின் பின்பகுதி மெத்தென்று இருக்குமே, அதுவும் உள்நாக்கும் தொண்டைச் சுவரும் தூக்கத்தில் தளர்ந்து, காற்று உரசும்போது படபடக்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிந்துவிடும். பற்கள் இருப்பது இதற்கெல்லாம் வெகு முன்னால். ஒரு தெத்துப்பல்லை நான் மூன்று மில்லிமீட்டர் உள்ளே கொண்டுவருவதால் தொண்டையில் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் துறையில் மூச்சைத் தொடுகிற வேலை என்றால் எலும்பை அல்லது தாடையின் இடத்தை மாற்றுகிறவைதான்.

குழந்தைகளுக்கு மேலண்ணத்தை விரிப்பது அதில் ஒன்று. வாயின் கூரைதான் மூக்கின் தரை. கூரை குறுகலாக இருந்தால் மூக்கும் குறுகல். சிறு வயதில் அண்ணத்தின் நடுவே இருக்கும் பொருத்து இன்னும் இறுகியிருக்காது, அதனால் திருகு வைத்த கருவியால் மெல்ல விரிக்க முடியும், ஒரு திருகலுக்குக் கால் மில்லிமீட்டர். புது விஷயமும் இல்லை, எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்கர் 1860லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். குறுகிய அண்ணமும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு இது உதவுவதைப் பார்த்திருக்கிறோம். பதின்வயது கடந்தால் அந்தப் பொருத்து இறுகத் தொடங்கும். பெரியவர்களுக்கு எலும்பில் சிறு திருகாணிகள் பதித்து விரிப்பார்கள், அல்லது அறுவை சிகிச்சையோடு சேர்த்து.

இன்னொன்று கீழ்த்தாடையை முன்னால் பிடித்து நிறுத்தும் இரவுக் கருவி. தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், தொண்டை திறக்கும். மூன்றாவது, மேல் கீழ் இரண்டு தாடையையும் சுமார் ஒரு செ.மீ. முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சை. அது கடுமையான மூச்சுத் தடைக்கு, வேறு வழி சரிப்படாதவர்களுக்கு. அந்த அறுவைக்கு முன்னும் பின்னும் பெரும்பாலும் கிளிப் உண்டு. கிளிப் போட்டுக் குறட்டை போயிற்று என்று யாராவது சொன்னால் இந்த மூன்றில் ஏதாவது நடந்ததா என்று விசாரியுங்கள்.

தெற்குச்சன்னல் எழுதியது:

டாக்டர், மன்னிக்கவும், உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. எனக்கு 16 வயதில் நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டுக் கிளிப் போட்டார்கள். இப்போது 41. பத்து வருடமாகக் குறட்டை. நாக்கின் ஓரமெல்லாம் பல் அச்சு. வாய்க்குள் நாக்குக்கு இடமே இல்லை என்பதை நான் ஒவ்வொரு நாளும் உணர்கிறேன். பல்லை எடுத்ததுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கம்பிமருத்துவர் எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது அம்மா, அந்த நான்கு பல்லை யோசித்துத்தான் எடுத்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேவையில்லாமல் எடுப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வில் 5,500க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, நான்கு முன்கடைவாய்ப்பற்கள் இல்லாதவர்களையும் இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். தூக்க மூச்சுத் தடை இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. 2019இல் அமெரிக்கப் பல் சீரமைப்புச் சங்கமும் எல்லா ஆதாரத்தையும் பார்த்துவிட்டு, பல் எடுத்துச் செய்யும் சிகிச்சை மூச்சுத் தடையை உண்டாக்குவதாகக் காட்ட முடியவில்லை என்றே எழுதியது.

நாக்கின் ஓரத்தில் அச்சு விழுவது பகலில் பல்லை இறுக்கி வைத்திருப்பவர்களுக்கும் வரும். உங்களுக்கும் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வேன். 16 வயதில் செய்த சிகிச்சைக்கும் 31 வயதில் தொடங்கிய குறட்டைக்கும் நடுவே உடம்பில் நிறைய மாறியிருக்கும், எடை, மூக்கு, தைராய்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பல்லை எடுத்ததோடு விசாரணையை முடித்துவிட்டால் சரிசெய்யக்கூடிய ஒன்று விட்டுப்போகும், என் பயம் அதுதான்.

இன்னொன்று, முப்பரிமாண ஸ்கேனில் மூச்சுப்பாதையைச் சிவப்பும் பச்சையுமாகக் காட்டி, பாருங்கள் எவ்வளவு குறுகல் என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் விழித்திருக்கும்போது எடுத்தது. எச்சிலை விழுங்கினாலும் நாக்கை நகர்த்தினாலும் அளவு மாறும். தூக்கத்தில் தசை தளரும்போது என்ன ஆகிறது என்பதை அது காட்டாது.

இருவர்அம்மா எழுதியது:

என் மகளுக்கு ஒன்பது வயதில் அண்ணம் விரிக்கும் கருவி வைத்தோம், அதனால் எழுதுகிறேன். வாயைத் திறந்துகொண்டே தூங்குவாள், குறட்டை, படுக்கை நனைப்பது, காலையில் எழுப்பினால் அழுகை. பல் மருத்துவர்தான் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினார். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் டான்சிலும் பெரிதாக இருந்தன, எடுத்தார்கள். பாதிக்கு மேல் சரியானது. மீதிக்கு, அண்ணம் குறுகலாக இருந்ததால், இந்தக் கருவி.

இரவு அவளை மடியில் சாய்த்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சாவியைத் திருகின் ஓட்டையில் நுழைத்துப் பின்பக்கமாகத் தள்ளுவேன். அடுத்த ஓட்டை தெரியும் வரை தள்ள வேண்டும், பாதியில் விடக்கூடாது. மூக்கின் நடுவில் அழுத்துகிறது என்பாள், சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஒரு வாரத்தில் முன்பல் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இல்லையென்றால் அலறியிருப்பேன். பல் அப்படி விலகினால்தான் எலும்பு விலகுகிறது என்று அர்த்தமாம். பிறகு அதுவாகவே சேர்ந்துவிட்டது. வாயை மூடித் தூங்குகிறாள் இப்போது. பல் கடிப்பாள் முன்பெல்லாம், அதுவும் குறைந்திருக்கிறது, ஆனால் வயதாலா கருவியாலா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

நடைப்பயணி எழுதியது:

நான் தாடையை முன்தள்ளும் கருவியை மூன்று வருடமாகப் போடுகிறேன். மூச்சுத் தடை லேசான அளவில்தான் இருந்தது, தொண்டை அடைபடாமல் இருக்கக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சிபாப் கருவியின் முகமூடி எனக்கு ஒத்துவரவில்லை. குறட்டை நன்றாகக் குறைந்தது, பல் கடிக்கும் சத்தமும் இல்லை என்கிறார்கள் வீட்டில். ஆனால் விலை கொடுக்காமல் வராது. காலையில் கருவியைக் கழற்றினால் கடைவாய்ப்பற்கள் சேராது, முன்பல் மட்டும் முட்டும். அரை மணி நேரத்தில் சரியாகும், அதற்கென்று ஒரு சின்னப் பயிற்சிப் பட்டையைக் கடித்துக்கொண்டிருப்பேன். இருந்தும் மேல் முன்பற்கள் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கின்றன. வருடம் ஒருமுறை அச்செடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஒரு மாதம் தலையணை நனைகிற அளவு எச்சில் ஒழுகும், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைக்காகிதம் எழுதியது:

ஒரு சந்தேகம். நான் கம்பிக்குப் பதிலாகப் பல்லை நகர்த்தும், கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனர் போடுகிறேன். எப்படியும் ராத்திரி பல்லை மூடித்தானே இருக்கிறது, கடித்துப் பல் தேயாமல் இருக்க ராத்திரி மாட்டும் நைட் கார்டு தனியாக வேண்டாமா?

கம்பிமருத்துவர் எழுதியது:

அலைனரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நைட் கார்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கெட்டி அக்ரிலிக். பல்லோடு பல் நேரடியாகத் தேயாமல் அலைனர் ஓரளவு காக்கும், கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. பல் நகரும் காலத்தில் வழக்கமான நைட் கார்டும் போட முடியாது, அது பல்லைப் பழைய இடத்திலேயே பிடித்துவைக்கும். அலைனர் விரிந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். கம்பி போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கீழ்ப்பல்லில் பீங்கான் பிராக்கெட் வேண்டாம். மேல்பல் அதில் உரசினால் எனாமல் தேய்ந்துவிடும், கடிப்பவர்களுக்கு இன்னும் வேகமாக.

நைட் கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். மேல்பல்லில் மாட்டும் சாதாரண கார்டு, மூச்சுத் தடை உள்ள சிலருக்கு அதை மோசமாக்கலாம். 2004இல் 10 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்றில் பாதிப் பேருக்கு அப்படி ஆனது. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் குறட்டை விடுபவருக்குக் கார்டு செய்வதற்கு முன் மூச்சைப் பற்றிக் கேட்காமல் நான் அச்சு எடுப்பதில்லை.

தூங்காவிழி எழுதியது (நான்கு மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனை செய்தேன். மணிக்கு சராசரியாக 22 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 15 முதல் 30 வரை நடுத்தரமாம். பல் கடித்ததில் பெரும்பகுதி மூச்சு தடைபட்டு மீண்ட உடனே வந்ததாக அறிக்கையில் இருந்தது. சிபாப் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் கழற்றி எறியலாம் போல இருந்தது, மூக்கில் மட்டும் வைக்கும் சின்ன முகமூடிக்கு மாற்றியதும் பழகிவிட்டது. இப்போது மதியம் கண் செருகுவதில்லை. மனைவி சொல்கிறபடி நறநற சத்தம் வாரத்தில் ஒருநாள் இரண்டு நாள்தான். காலையில் பொட்டு வலி போய்விட்டது, தாடை இறுக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உடைந்த பல்லுக்கு உறை போட்டாயிற்று.

இனி கிளிப் போடலாமா என்று கேட்கத்தான் வந்தேன். கீழ்ப்பல் நெருக்கத்தில் அழுக்குத் தங்கி ஈறு வீங்குகிறது, அதற்காக மட்டும்.

கம்பிமருத்துவர் எழுதியது:

தாராளமாக. மூக்கு முகமூடிக்குக் கம்பி இடைஞ்சல் இல்லை. தாடையை முன்தள்ளும் கருவிக்கு மாறும் எண்ணம் இருந்தால் கிளிப் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது அது பொருந்தாது, மாதாமாதம் புதிதாகச் செய்ய முடியாது. நான்கு பல்லை எடுக்கத்தான் வேண்டுமா, பல்லின் ஓரத்தைக் கொஞ்சம் சீவி இடம் எடுத்தால் போதுமா என்று அச்சை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் பற்றாக்குறை என்று எண்ணாகச் சொல்ல வேண்டும்.

மழைச்சாரல் எழுதியது:

கடைசியில் ரிட்டெய்னர் கொடுக்கும்போது, தூக்கத்தில் கடிப்பேன் என்று மறக்காமல் சொல்லுங்கள் சகோ. கெட்டியானதாகச் செய்து தருவார்கள். நான் சொல்லாமல் விட்டதால்தான் எட்டு மாதத்தில் ஓட்டை.

தூங்காவிழி எழுதியது:

சொல்கிறேன். வியாழக்கிழமை அச்சு எடுக்கிறார்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டு வந்து எழுதுகிறேன்.